என்னியஸ் கைக்கு வந்தாச்சு, ஆனா எல்லாம் ஒத்தை ஒத்தை வரியா இருக்கே, இதை எப்படிப் படிக்கிறது?

நிலாமுற்றம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மூணு வருஷமா ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் ஒரு மணி நேரம் லத்தீன்னு ஒதுக்கி வெச்சு நானாவே படிச்சுட்டு வரேன். இலக்கணப் புத்தகம் முடிச்சேன், சீசர் கொஞ்சம் படிச்சேன், அப்புறம் விர்ஜிலோட காவியமான ஈனியட்ல ரெண்டாவது புத்தகமும் ஆறாவது புத்தகமும் முழுசா முடிச்சாச்சு. ஆறாவது படிக்கறப்போ உரையில ரெண்டு பக்கத்துக்கு ஒரு தடவை "இது என்னியஸ் வழி வந்தது", "என்னியஸைப் பார்க்க"ன்னு வந்துகிட்டே இருந்துச்சு. இவ்வளவு தடவை பேர் அடிபடுதே, விர்ஜிலுக்கு முன்னாடி இருந்த அந்தப் பழைய கவிஞரையே நேரா போய்ப் பார்த்துடலாம்னு லோப் வரிசையில (ஒரு பக்கம் லத்தீன், எதிர்ப்பக்கம் இங்கிலீஷ்) 2018ல வந்த என்னியஸ் தொகுதியை வாங்கிட்டேன்.

திறந்தா ஒரு வரி. அதுக்குப் பக்கத்துல ப்ரிஸ்கியன்னு ஒரு பேர். அடுத்து அரை வரி, அதுக்கு நோனியுஸ்னு ஒரு பேர். அதுக்கு அடுத்து ரெண்டே ரெண்டு வார்த்தை. கி.மு. 239ல பிறந்து 169ல செத்துப்போன கவிஞர், அன்னாலெஸ்னு 18 புத்தகத்துல ரோமோட கதையை ஆரம்பத்துலேர்ந்து தன் காலம் வரைக்கும் காவியமாப் பாடினவர், லத்தீன் காவியத்துக்குள்ள ஹெக்ஸாமீட்டரை (அடிக்கு ஆறு சீர் வர்ற யாப்பு) கொண்டுவந்ததே அவர்தான், இதெல்லாம் முன்னுரையில அழகா இருக்கு. ஆனா மிஞ்சினது சுமார் 600 வரிதான், அதுவும் இப்படிச் சிதறி. பத்து நாள் தினமும் நாலு பக்கம்னு வரிசையாப் படிச்சேன், ஒண்ணுமே மனசுல ஒட்டல, நேத்து என்ன படிச்சேன்னு கேட்டா சொல்லத் தெரியல.

எனக்குப் புரியாத விஷயம் என்னன்னா, இந்த வரி முதல் புத்தகம், இது ஆறாவது புத்தகம்னு எப்படிச் சொல்றாங்க? வரிசை யார் போட்டது? என்கிட்ட பழைய வார்மிங்டன் பதிப்போட ஸ்கேனும் இருக்கு, அதுல நம்பர் எல்லாமே வேற மாதிரி இருக்கு. முழுப் புத்தகமும் இல்லாதப்போ ஒரு கவிஞரைப் "படிச்சேன்"னு சொல்றதுக்கு அர்த்தம் இருக்கா? இதுல பழக்கம் இருக்கறவங்க எங்கேர்ந்து ஆரம்பிச்சீங்கன்னு சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.


பழுப்பேடு எழுதியது:

முதல்ல அந்தப் புத்தகத்தை வரிசையாப் படிக்கிறதை நிறுத்துங்க. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், ரெண்டு மாசம் வீணாச்சு. அந்த வரிசை என்னியஸ் வெச்சது கிடையாது, பதிப்பாசிரியர் அடுக்கினது. நீங்க படிக்க வேண்டியது அந்த வரியை யார் மேற்கோளா எடுத்தாரோ அவரை. அவர் எதுக்காக எடுத்தார்னு தெரிஞ்சாத்தான் வரிக்கே உயிர் வரும்.

நீங்க ஈனியட் ஆறாவது புத்தகம் முடிச்சிருக்கீங்க இல்லையா, அதனால உங்களுக்கு ரொம்ப சுலபமான வாசல் ஒண்ணு இருக்கு. ஈனியஸோட தோழன் மிசேனுஸ் செத்ததும் சிதைக்கு மரம் வெட்டப் போவாங்களே, 179வது வரியிலேர்ந்து, "ஈட்டுர் இன் அண்டீக்வம் சில்வம்"னு ஆரம்பிக்கும். பழைய காட்டுக்குள்ள போறாங்க, கோடாலி பட்டு மரம் சத்தம் போடுது, ஆப்பு வெச்சுப் பிளக்கறாங்க. அந்த இடத்தை எடுத்துக்கிட்டு மக்ரோபியுஸ்ங்கற பிற்கால ரோமானிய எழுத்தாளர் தன்னோட சாட்டர்னாலியாங்கற நூலோட ஆறாவது புத்தகத்துல, இதை விர்ஜில் எங்கேர்ந்து எடுத்தார் தெரியுமான்னு என்னியஸோட அஞ்சு வரியைக் கொடுக்கறார். அது அன்னாலெஸ் ஆறாவது புத்தகத்துலேர்ந்துன்னும் அவரே சொல்லிடறார். உங்க கேள்விக்குப் பாதி பதில் இதுதான். மேற்கோள் காட்டினவர் புத்தக எண் சொல்லியிருந்தா நமக்குத் தெரியும், சொல்லலைன்னா ஊகம்.

அந்த அஞ்சு வரியை வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க:

இன்கேடுண்ட் அர்புஸ்டா பெர் அல்டா, செகூரிபுஸ் கைடுண்ட்,
பெர்கெல்லுண்ட் மக்னாஸ் க்வெர்கூஸ், எக்ஸ்கீடிடுர் ஈலெக்ஸ்,
ஃப்ராக்ஸினுஸ் ஃப்ராங்கிடுர் அட்க்வே அபியேஸ் கோன்ஸ்டெர்னிடுர் அல்டா,
பீனுஸ் ப்ரோகேராஸ் பெர்வோர்டுண்ட், ஓம்னே சோனாபட்
அர்புஸ்டும் ஃப்ரெமிடூ சில்வாயீ ஃப்ரோண்டோசாயீ.

உயரமான மரக்கூட்டத்துக்குள்ள நடக்கறாங்க, கோடாலியால வெட்டறாங்க, பெரிய பெரிய ஓக் மரங்களைச் சாய்க்கறாங்க, ஃப்ராக்ஸினுஸ் (ஆஷ்) மரம் முறியுது, உயர்ந்த அபியேஸ் (ஃபிர்) மரம் கீழ கிடக்குது, நெடிய பைன்களைக் கவுத்துப் போடறாங்க, இலையடர்ந்த காட்டோட இரைச்சல்ல தோப்பு மொத்தமும் அதிருது. எத்தனை வினைச்சொல் பாருங்க. விர்ஜில் இதே காட்சியில ஒவ்வொரு மரத்துக்கும் ஒவ்வொரு விதமா வாக்கியத்தைத் திருப்பித் திருப்பி வெப்பார், இவர் அப்படியெல்லாம் இல்லாம வெட்டு விழுற மாதிரியே ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடிக்கறார். ஃப்ராக்ஸினுஸ் ஃப்ராங்கிடுர்னு மோனை, பீனுஸ் ப்ரோகேராஸ் பெர்வோர்டுண்ட்னு மோனை, கடைசியில சில்வாயீ ஃப்ரோண்டோசாயீன்னு பழைய காலத்து ஆறாம் வேற்றுமையை ரெண்டு தடவை இழுத்து விட்டு அந்த எதிரொலியைக் கொண்டுவரார். இது ஹெராக்லியா சண்டையில செத்த வீரர்களுக்குச் சிதை அடுக்க மரம் வெட்டற இடம், பைர்ரஸ் ராஜாவோட நடந்த போர், கி.மு. 280. அந்த அஞ்சு வரியை மனப்பாடம் பண்ணிட்டு மறுபடி ஈனியட்ல அந்தப் பக்கத்துக்குப் போங்க, விர்ஜிலும் வேற மாதிரி தெரிவார்.

மக்ரோபியுஸோட ஆறாவது புத்தகம் முழுக்கவே இப்படித்தான், விர்ஜில் வரி ஒண்ணு, அதுக்கு மூலமான பழைய வரி ஒண்ணு. ஒரு மாசம் அதை மட்டும் படிங்க. லோப் தொகுதியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு சரிபார்க்க மட்டும் திறங்க.


கல்மரம் எழுதியது:

பழுப்பேடு சார் சொன்னது நூத்துக்கு நூறு சரி, ஆனா மக்ரோபியுஸ், சிசரோ எல்லாம் ரசிச்சு மேற்கோள் காட்டினவங்க. பாக்கி ஆளுங்க இலக்கணக்காரங்க, அவங்களுக்குக் கவிதை மேல அக்கறை இல்ல, வித்தியாசமான சொல் வேணும், அவ்வளவுதான். இதைப் புரிஞ்சுக்காம படிச்சா என்னியஸ் ஏதோ விசித்திரமான ஆள்னு தோணிடும்.

எல்லாரும் எடுத்துக்காட்டா சொல்ற வரி, "ஓ டிடே டூட்டே டாட்டி டிபி டாண்டா டிராண்ணே டுலிஸ்டி." ஏ டீட்டுஸ் டாட்டியுஸே, கொடுங்கோலா, இவ்வளவு பெரிய கேட்டை உனக்கு நீயே தேடிக்கிட்டேன்னு அர்த்தம். எத்தனை ட, எண்ணிக்கோங்க. இது எப்படிப் பிழைச்சுது? ஹெரன்னியுஸுக்கு எழுதின அணிநூல்ல ஒரே எழுத்தை இவ்வளவு தடவை போடக்கூடாதுன்னு தப்புக்கு உதாரணமா காட்டியிருக்காங்க, அதுக்கு 600 வருஷம் கழிச்சு ப்ரிஸ்கியன் இலக்கணத்துக்காக எடுத்திருக்கார். அன்னாலெஸ்ல ஆயிரக்கணக்கான வரி இப்படி இல்லாம நிதானமா ஓடியிருக்கும், அதை யாரும் எடுத்து எழுதி வெக்கல ஏன்னா அதுல விசேஷமா சொல்ல ஒண்ணும் இல்ல. நம்ம கையில இருக்கிறது கவிஞரோட சராசரி இல்ல, இலக்கணக்காரங்க சல்லடையில தங்கினது.

டாராடாண்டாரா வரியும் அப்படித்தான், உங்க புத்தகத்துல பார்த்திருப்பீங்க, "அட் டூபா டெர்ரிபிலீ சோனிடூ டாராடாண்டாரா டிக்ஸிட்", பயங்கர சத்தத்தோட ஊதுகொம்பு டாராடாண்டாரான்னு சொல்லிச்சு. விர்ஜில் ஒன்பதாவது புத்தகத்துல 503வது வரியில முதல் பாதியை ஏறக்குறைய அப்படியே வெச்சுக்கிட்டு மீதியை மாத்திட்டார். கரடுமுரடா இருந்தா விர்ஜில் இப்படித்தான் மாத்துவார்னு உரையாசிரியர் செர்வியுஸ் அங்க குறிப்பு எழுதறார். யாரும் புத்தக எண் சொல்லல, அதனால ஆக்ஸ்ஃபோர்டு பதிப்புல இது "இடம் தெரியாதவை" பகுதியில 451வது வரியா நிக்குது.

நோனியுஸ் பத்தித் தனியா சொல்லணும், ஏன்னா இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே அவர்தான். நோனியுஸ் மார்க்கெல்லுஸ், வட ஆப்பிரிக்காக்காரர், 20 புத்தகத்துல ஒரு சொல் அகராதி மாதிரி தொகுத்தார், அதுல பதினாறாவது தொலைஞ்சு போச்சு. ரொம்பப் பேர் அவரை மூளையில்லாத தொகுப்பாளர்னு திட்டியிருக்காங்க. 1901ல லிண்ட்சேங்கறவர் ஒண்ணு கண்டுபிடிச்சார். நோனியுஸ் 41 பட்டியல் வெச்சிருந்திருக்கார், ஒவ்வொரு பட்டியலும் ஒரு நூலையோ சில நூலையோ படிச்சு எடுத்த குறிப்பு, அகராதியில ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் அந்தப் பட்டியல்களை அதே வரிசையில முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் திருப்பிக்கிட்டே போயிருக்கார். எதையும் மாத்தல, கலைக்கல. அதனால என்ன லாபம்னா, ஒரே நூலோட மேற்கோள் ரெண்டு அடுத்தடுத்து வந்தா மூல நூல்லயும் முதல்ல வந்தது முன்னாடி, ரெண்டாவது பின்னாடின்னு பல இடத்துல சொல்ல முடியுது. புத்தி இல்லைன்னு யாரைச் சொன்னாங்களோ அவரோட அந்த இயந்திரத்தனமான வேலைதான் இன்னிக்கு தொலைஞ்ச நூல்களோட வரிசையைச் சொல்லுது. லூசிலியுஸ்ங்கற கவிஞர் 30 புத்தகம் சட்டையர் (கிண்டல் கவிதை) எழுதினார், மிஞ்சினது ஏறக்குறைய 1300 வரி, அதுல பெரும்பாலானது நோனியுஸ் கொடுத்தது. அவர் இல்லைன்னா லூசிலியுஸ் நமக்கு வெறும் பேர்தான்.

இன்னொருத்தர் ஃபெஸ்டுஸ். அகஸ்டஸ் ராஜாவோட பேரன்களுக்கு வாத்தியாரா இருந்த வெர்ரியுஸ் ஃப்ளாக்குஸ் ஒரு பெரிய அகராதி எழுதினார், அது போயிடுச்சு, அதை ஃபெஸ்டுஸ் சுருக்கினார், அந்தச் சுருக்கத்துக்கு 11ஆம் நூற்றாண்டுப் பிரதி ஒண்ணே ஒண்ணு நேப்பிள்ஸ்ல இருக்கு. முன்பாதி காணோம், எம் எழுத்துக்கு நடுவுலேர்ந்துதான் ஆரம்பிக்குது, பக்கத்துக்கு ரெண்டு பத்தி, அதுல வெளிப்பக்கப் பத்தி நெருப்புல கருகிப் போயிருக்கு. அதனால ஃபெஸ்டுஸ் வழியா வர்ற பழைய வரி நிறைய பாதியில முறிஞ்சு நிக்கும், பதிப்புல அடைப்புக்குறிக்குள்ள இருக்கிறதெல்லாம் அந்தக் கருகின இடத்துல அறிஞர்கள் ஊகிச்சு நிரப்பினது. அடைப்புக்குள்ள இருக்கிறதை என்னியஸ்னு நினைச்சு ரசிக்காதீங்க, இதை மட்டும் மறக்காதீங்க.


தென்றல்வெளி எழுதியது:

பழுப்பேடு அண்ணா, அந்த மரம் வெட்டற இடத்துல ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், தப்பா எடுத்துக்காதீங்க. ஹெராக்லியா சண்டைக்கு அப்புறம் சிதைக்காக வெட்டறாங்கன்னு நடந்த விஷயம் மாதிரி எழுதிட்டீங்க. மக்ரோபியுஸ் அதைச் சொல்லவே இல்ல. என்னியஸ் ஆறாவது புத்தகம்னு மட்டும்தான் சொல்றார். சிதைன்னு எங்கேர்ந்து வந்துச்சு? விர்ஜில்ல சிதை, ஹோமர்ல பேட்ரோக்ளஸ் செத்தப்போ சிதைக்கு மரம் வெட்டறாங்க, அதனால நடுவுல இருக்கிற என்னியஸ்லயும் சிதையாத்தான் இருக்கணும்னு பதிப்பாசிரியர்கள் முடிவு பண்ணினாங்க. ஆறாவது புத்தகத்துல பைர்ரஸ் போர் வருது, அதுல பெரிய சாவு ஹெராக்லியாவுல, அப்போ அங்கதான்னு சேர்த்தாங்க. நல்ல ஊகம், நானும் நம்பறேன், ஆனா ஊகம். கப்பல் கட்டறதுக்கோ முகாமுக்கோ மரம் வெட்டியிருந்தாலும் அந்த அஞ்சு வரி அப்படியே பொருந்தும்.

இதுல ஒரு சுழல் இருக்கு, புதுசா வர்றவங்க மாட்டிக்கிறது அதுலதான். விர்ஜிலை வெச்சு என்னியஸோட இடைவெளியை நிரப்பறோம், அப்புறம் அப்படி நிரப்பின என்னியஸை எடுத்துக்கிட்டு "பார்த்தீங்களா, விர்ஜில் எவ்வளவு என்னியஸை எடுத்திருக்கார்"னு சொல்றோம். 1985ல வந்த ஸ்குட்ஷோட ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பு இந்தத் துறையில ஒரு மலை, அதை மறுக்க முடியாது, ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த மனுஷன் உழைச்சிருக்கார். ஆனா 2013ல ஜாக்கி எலியட் ஒரு புத்தகம் முழுக்க இதைத்தான் கேட்டாங்க, நாம வெச்சிருக்கிற அன்னாலெஸ் வடிவத்துல எவ்வளவு என்னியஸ், எவ்வளவு விர்ஜில் படிச்ச நம்ம எதிர்பார்ப்புன்னு. அதைப் படிச்சதுக்கு அப்புறம் நான் ஒவ்வொரு துண்டுக்கும் பென்சில்ல மூணு குறி போட ஆரம்பிச்சேன். கவிஞர் பேரை மேற்கோள் காட்டினவரே சொன்னாரா, நூல் பேரைச் சொன்னாரா, புத்தக எண் சொன்னாரா. மூணும் இருந்தா தரையில கால் ஊன்றின மாதிரி. ஒண்ணும் இல்லைன்னா பதிப்பாசிரியர் கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறோம்னு தெரிஞ்சு நடக்கணும்.

நிலாமுற்றம், நம்பர் ஏன் மாறுதுன்னு கேட்டீங்களே, அதுக்கும் இதுதான் காரணம். வாலன் ஒரு வரிசை போட்டார், வார்மிங்டன் 1930கள்ல தன்னோட வரிசை போட்டார், ஸ்குட்ஷ் வேற போட்டார், ஒவ்வொருத்தரும் கதை இப்படித்தான் போயிருக்கும்னு நினைச்ச வரிசை. அதனாலதான் எண்ணுக்குப் பின்னாடி பதிப்பாசிரியர் பேரோட முதல் எழுத்தைப் போட்டுத்தான் குறிப்பு எழுதுவாங்க. பதிப்புக்குக் கடைசியில ஒப்பீட்டு அட்டவணை இருக்கும், அதைப் போட்டோ எடுத்து போன்ல வெச்சுக்கோங்க.

சரி, எதிர்மறையாவே பேசிட்டேன், உருப்படியா ஒண்ணு சொல்றேன். துண்டுன்னா ஒத்தை வரின்னு மட்டும் நினைக்காதீங்க, சிசரோ புண்ணியத்துல நீளமா ரெண்டு இருக்கு. குறி பார்க்கிறது பத்தி அவர் எழுதின நூல்ல, முதல் புத்தகத்துல, கனவுக்கு உதாரணமா ரோமுலுஸோட அம்மா இலியாவோட கனவு 17 வரி, பறவை சகுனத்துக்கு உதாரணமா ரோமுலுஸும் ரேமுஸும் யார் ராஜான்னு பறவை பார்க்கிற இடம் 20 வரி. ரெண்டும் ஒரே புத்தகத்துல இருக்கு. இலியாவோட கனவைத்தான் முதல்ல படிங்க. ராத்திரி, நடுங்கற கையோட ஒரு கிழவி அவசரமா விளக்கு கொண்டு வரா, தூக்கத்துலேர்ந்து அலறி எழுந்த பொண்ணு அழுதுகிட்டே அக்காகிட்ட சொல்றா. அதுக்கு மேல நான் சொல்லமாட்டேன், நீங்களே படிங்க.


பழுப்பேடு எழுதியது:

தென்றல்வெளி சொன்னது சரி, அந்த வாக்கியத்துல "னு ஊகிக்கறாங்க"ன்னு நான் போட்டிருக்கணும். வருஷக்கணக்கா ஒரே உரையோட படிச்சா ஊகம் எது, சான்று எதுன்னு கோடு அழிஞ்சு போயிடுது. அந்த மூணு குறி முறையை நானும் எடுத்துக்கறேன்.

ஒண்ணு மட்டும் சேர்க்கறேன், மேற்கோள் காட்டினவர் நல்லவரா இருந்தாலும் பிரதி எடுத்தவங்க கை வெச்சிருப்பாங்க. ஹன்னிபால் காலத்துல நேருக்கு நேர் மோதாம காலம் தாழ்த்தியே ரோமைக் காப்பாத்தின ஃபாபியுஸ் பத்தின புகழ்பெற்ற வரி, "ஊனுஸ் ஹோமோ நோபீஸ் கூங்க்டாண்டோ ரெஸ்டிடுயிட் ரெம்", ஒத்தை ஆளா நின்னு, தாமதிச்சே நம்ம நாட்டை மீட்டுக் கொடுத்தார். சிசரோ எடுத்திருக்கார், விர்ஜில் ஆறாவது புத்தகத்துல 846வது வரியா கிட்டத்தட்ட அப்படியே வெச்சார் (அதை நீங்க ஏற்கெனவே படிச்சிருக்கீங்க நிலாமுற்றம்!), அகஸ்டஸே ஒரு கடிதத்துல தாமதிச்சுங்கற சொல்லுக்குப் பதிலா விழிச்சிருந்துன்னு போட்டு டைபீரியஸைப் பாராட்ட எழுதியிருக்கார். இவ்வளவு பேருக்குத் தெரிஞ்ச வரி. ஆனா அதுக்கு அடுத்த வரி, ஊர் பேச்சை விட நாட்டோட பாதுகாப்பைப் பெரிசா நினைச்சார்ங்கற வரி, சிசரோ பிரதிகள்ல "நோன் எனிம்"னு ஆரம்பிக்குது. படிச்சா அர்த்தம் வரும், யாப்பு வராது. ஹெக்ஸாமீட்டர் முதல் சீர்லயே இடறும். லாக்மன்ங்கற அறிஞர் அதை "நோயெனும்"னு திருத்தினார், நோன்ங்கறதுக்குப் பழைய வடிவம், போட்டதும் அடி சரியா உட்கார்ந்துடுச்சு. நடுவுல யாரோ ஒரு எழுத்தர் தெரியாத பழைய சொல்லைப் பார்த்துத் தனக்குத் தெரிஞ்ச ரெண்டு சொல்லா பிரிச்சிருக்கார். அதனால சீர் பிரிச்சுப் பார்க்காம ஒரு துண்டையும் விடாதீங்க. யாப்பு தெரிஞ்சவங்களுக்கு இந்தத் துறையில பாதி கருவி கையில இருக்கு.


ஆற்றங்கரை எழுதியது:

முழுசா இல்லாத கவிஞரைப் படிச்சேன்னு சொல்ல அர்த்தம் இருக்கான்னு கேட்டிருக்கீங்க. எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் கொர்னேலியுஸ் காலுஸ்.

காலுஸ் விர்ஜிலோட நண்பர், விர்ஜிலோட எக்லோக்னு சொல்ற மேய்ப்பர் கவிதைகள்ல பத்தாவது முழுக்க அவரைப் பத்தித்தான். லத்தீன்ல எலிஜிங்கற ஈரடி யாப்புல காதல் கவிதை எழுதினவங்க வரிசையில முதல் ஆள். லிகோரிஸ்னு ஒரு பொண்ணைப் பாடினார், உண்மையில அவங்க மேடையில நடிச்ச கித்தேரிஸ்னு சொல்லுவாங்க. அப்புறம் எகிப்துக்கு ரோமோட முதல் ஆளுநரா போனார், அகஸ்டஸோட மனக்கசப்பாகி கி.மு. 26 வாக்குல தற்கொலை பண்ணிக்கிட்டார். ப்ரொபெர்டியுஸ், ஓவிட் எல்லாரும் அவரைத் தங்களுக்கு முன்னோடின்னு சொல்றாங்க. அப்படிப்பட்டவரோட கவிதையில நமக்கு எவ்வளவு இருந்துச்சு தெரியுமா? ஒரு வரி. விபியுஸ் செக்வெஸ்டெர்னு ஒருத்தர் கவிஞர்கள் பாட்டுல வர்ற ஆறு, ஏரி, மலைக்கெல்லாம் பட்டியல் போட்டார், அதுல ஹிபானிஸ் ஆத்துக்கு நேரா ஒரு வரி, "ஊனோ டெல்லூரெஸ் டீவிடிட் அம்னே டுவாஸ்", ஒரே ஆத்தால ரெண்டு நிலத்தைப் பிரிக்குது. காதல் கவிஞரோட மிச்சம் ஒரு ஆத்தோட விலாசம்.

1978ல எகிப்தோட தெற்குக் கோடியில நூபியாவுல, நைல் கரையில கஸ்ர் இப்ரிம்ங்கற கோட்டையில தோண்டிக்கிட்டிருந்தாங்க. அங்க ரோம் படை கொஞ்ச காலம் தங்கியிருந்தது. கிடைச்ச பாப்பிரஸ்ல (நாணல்ல செஞ்ச பழைய தாள்) லத்தீன் கவிதை, முழுசாவும் பாதியாவும் ஒன்பது வரி சொச்சம், அதுல லிகோரிஸ்ங்கற பேர். அடுத்த வருஷமே மூணு அறிஞர்கள் சேர்ந்து வெளியிட்டாங்க. உன்னோட கெட்ட நடத்தையால துக்கமாச்சு லிகோரிஸேன்னு ஒரு வரி, அப்புறம் சீசரே, நீ ரோம் வரலாற்றுல ஆகப்பெரிய பங்கா ஆகறப்போதான் என் விதி எனக்கு இனிக்கும்னு ரெண்டு வரி. போலின்னு கூட ஒருத்தர் வாதாடிப் பார்த்தார், அது நிக்கல.

அந்தப் படத்தை நான் முதல் தடவை பார்த்தப்போ எழுத்துக்கூட்டலைப் பார்த்துத்தான் அசந்து போனேன். "ஸ்போலியெய்ஸ்", "டெயிவீடியோரா"ன்னு நீண்ட ஈ ஒலிக்குப் பழைய முறையில எய் போட்டு எழுதியிருக்கு, வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவுல புள்ளி. நாம படிக்கிற விர்ஜில், சிசரோ எல்லாமே நூற்றாண்டுக்கு நூற்றாண்டு எழுத்தர்கள் கூட்டலைத் திருத்தித் திருத்திக் கொண்டுவந்தது. இது கவிஞர் உயிரோட இருந்த காலத்துக்குப் பக்கத்துல, அவரே ஆண்ட நாட்டோட ஓரத்துல, ஒரு படைவீரனோ அதிகாரியோ மூட்டையில கொண்டு போன புத்தகம். ஒன்பது வரிதான். ஆனா அதுக்கு முன்னாடி வரைக்கும் காலுஸ் எப்படி எழுதினார்ங்கறது விர்ஜில் வழியா கேட்ட செய்தி, அதுக்கு அப்புறம் அவரோட குரல். அதனால படிச்சேன்னு தாராளமா சொல்லலாம்ங்கறதுதான் என் பதில்.


கல்மரம் எழுதியது:

ஆற்றங்கரை பாப்பிரஸ் சொன்னதும் இது ஞாபகம் வந்துச்சு, சின்னதா சொல்லிட்டுப் போறேன். "மோரிபுஸ் அண்டீக்வீஸ் ரேஸ் ஸ்டட் ரோமானா விரீஸ்க்வே", பழைய ஒழுக்கத்தாலயும் மனுஷங்களாலயும் நிக்குது ரோம், இந்த என்னியஸ் வரி எப்படி வந்துச்சுன்னு பாருங்க. சிசரோ தன்னோட அரசியல் நூலான டே ரே பூப்ளிகாவுல அஞ்சாவது புத்தகத்துல எடுத்தார். அந்த நூலும் தொலைஞ்சுது. 1819ல ஆஞ்சலோ மாய் வத்திக்கான்ல ஒரு தோல் பிரதியில, மேல எழுதியிருந்த எழுத்துக்கு அடியில சுரண்டி அழிச்சிருந்த சிசரோவைக் கண்டுபிடிச்சார், அப்பவும் இந்த இடம் அதுல கிடைக்கல. பைபிள் சங்கீதங்களுக்குக் கிறிஸ்தவ ஆயர் அகஸ்டின் எழுதின உரையைத்தான் மேல எழுதியிருந்தாங்க. இந்த என்னியஸ் வரியோட சிசரோ பத்தியைக் காப்பாத்தினதும் அதே அகஸ்டின்தான், கடவுளின் நகரம் ரெண்டாவது புத்தகத்துல 21வது அத்தியாயத்துல எடுத்து வெச்சிருக்கார். சிசரோவை மறைச்சதும் அவர் எழுத்து, கொடுத்ததும் அவர் எழுத்து. என்னியஸுக்கும் அகஸ்டினுக்கும் நடுவுல 600 வருஷம்.


நிலாமுற்றம் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. பதில் போட ஒரு வாரம் ஆயிடுச்சு, ஏன்னா நீங்க சொன்னதைச் செஞ்சு பார்த்துட்டு வரணும்னு இருந்தேன். மக்ரோபியுஸ் ஆரம்பிச்சாச்சு, மரம் வெட்டற அஞ்சு வரி மனப்பாடம், பேருந்துல போகும்போது வாய்க்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. மூணு குறி போடறதும் ஆரம்பிச்சுட்டேன் தென்றல்வெளி, முதல் புத்தகத்துல மட்டும் போட்டதுக்கே எத்தனை இடத்துல நான் பதிப்பாசிரியரை நம்பி நடந்திருக்கேன்னு தெரிஞ்சுது.

நேத்து ராத்திரி இலியாவோட கனவு படிச்சேன். மூணு மணி நேரம் ஆச்சு, நடுவுல நிறுத்த முடியல. அழகான ஒருத்தன் அவளை வில்லோ மரத்தோப்பு, ஆத்தங்கரை, தெரியாத இடம்னு இழுத்துட்டுப் போறான், அப்புறம் அவ தனியா அலையறா, அக்காவைத் தேடறா, கால் வெக்கப் பாதையே நிலையா இல்ல. அப்போ அப்பாவோட குரல், மகளே முதல்ல நீ துன்பம் சுமக்கணும், அப்புறம் ஆத்துலேர்ந்து உன் நல்ல காலம் எழும்னு. சொல்லிட்டு அப்பா மறைஞ்சுடறார், முகத்தைக் காட்டவே இல்ல. அவ அழுதுகிட்டே வானத்தைப் பார்த்துக் கை நீட்டிக் கூப்பிடறா. துண்டுன்னே தோணல எனக்கு.

ஒரே ஒரு சந்தேகம். கை நீட்டற வரியில "அட் கைலீ கைருலா டெம்ப்லா"ன்னு இருக்கு, வானத்தோட நீலக் கோயில்கள்னு அகராதி வெச்சு எழுதினேன். வானத்துல கோயிலா? பன்மையில வேற இருக்கு.


தென்றல்வெளி எழுதியது:

டெம்ப்லும்னா முதல்ல கட்டடம் இல்ல. சகுனம் பார்க்கிறவர் பறவையைக் கவனிக்க வானத்துல எல்லை வகுத்துப் பிரிச்ச பரப்பு, நிலத்துலயும் அப்படி எல்லை கட்டின இடம், அதுல கட்டின கட்டடத்துக்கு அப்புறமா அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. அதனால "வானத்தோட நீலப் பரப்பு"ன்னு வெச்சுக்கோங்க, சகுனத்தோட வாசனை அதுக்குள்ள இருக்கட்டும்.

வர்ரோங்கற ரோமானிய அறிஞர் லத்தீன் மொழி பத்தின நூல்ல ஏழாவது புத்தகத்துல கவிஞர்களோட சொற்களை விளக்க ஆரம்பிக்கறப்போ முதல் சொல்லே இதுதான். அவர் எடுக்கற வரி, "ஊனுஸ் எரிட் க்வெம் டூ டோல்லெஸ் இன் கைருலா கைலீ டெம்ப்லா", ஒருத்தன் இருப்பான், அவனை நீ வானத்தோட நீலப் பரப்புக்குத் தூக்கிக்கிட்டுப் போவே. இது என்னியஸோடதுன்னு பதிப்பாசிரியர்கள் ஏத்துக்கிட்ட வரி, கடவுள் ஜூபிட்டர் போர்க்கடவுள் மார்ஸுக்குக் கொடுக்கற வாக்கு. ஓவிட் மெடமார்ஃபோசிஸ் பதினாலாவது புத்தகத்துல மார்ஸ் வாயால அதை ஜூபிட்டருக்கே ஞாபகப்படுத்த வெக்கறார். அந்த ஒருத்தன் ரோமுலுஸ், இலியா இன்னும் பெக்காத பிள்ளை. அவ எந்த வானத்தைப் பார்த்துக் கை நீட்டி அழுதாளோ அதே சொற்கள்.

சிசரோ கனவுக்காக எடுத்தது ஒண்ணு, வர்ரோ சொல்லுக்காக எடுத்தது ஒண்ணு. ரெண்டையும் ஒரே தாள்ல பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க.


நிலாமுற்றம் எழுதியது:

எழுதிட்டேன். கைருலா டெம்ப்லா ரெண்டு இடத்துலயும் பென்சில்ல அடிக்கோடு போட்டிருக்கேன், பக்கத்துல மூணு குறியும். வர்ரோ வரிக்கு மூணும் காலியா விட்டிருக்கேன். நாளைக்கு அந்தப் பறவை சகுனம் 20 வரியும் ஆரம்பிக்கறேன்.